தோட்டக்காரர் சொன்னது

ரோமன் பொலான்ஸ்கியின் ‘சைனா டவுன்’ (1974) படத்தை முதல்முறை பார்த்தபோது நானும் சிரிச்சேன். முல்ரே வீட்டுக் குளத்தருகே ஒரு சீனத் தோட்டக்காரர், ஏதோ கெட்டுப்போகுதுன்னு முனகுகிறார். புல்லைக் குறிக்கும் ‘கிராஸ்’ அவர் வாயில் ‘கிளாஸ்’ ஆகிறது. துப்பறியும் கிட்டஸ் அதையே திருப்பிச் சொல்லி நக்கலடிக்கிறான்.

வெகுநேரம் கழித்துத்தான் அவனுக்கு உறைக்கிறது. குளத்துத் தண்ணி உப்பு, அதனால புல் கருகுது. செத்துப்போன பொறியாளர் முல்ரேயின் நுரையீரலிலும் உப்புத் தண்ணிதான். கொலை நடந்த இடம் அந்தக் குளம். துப்பு எப்பவோ ஒரு வேலைக்காரர் வாயிலிருந்து வந்துவிட்டது. கேட்கத்தான் காதில்லை.

படத்தில் வரும் தண்ணீர்க் கொள்ளைக்கு வேர் நிஜத்தில் இருக்கிறது. ஓவன்ஸ் பள்ளத்தாக்கின் ஆற்றை 233 மைல் கால்வாய் வழியே லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம் 1913இல் இழுத்துக்கொண்டது. திரைக்கதையாசிரியர் ராபர்ட் டவுன் அந்த வஞ்சகத்தை 1937க்கு நகர்த்தி எழுதினார். நிலமிழக்கும் வெள்ளை விவசாயிகளைப் படம் காட்டுகிறது. அவர்களுக்கு முன்பே ஓவன்ஸில் வாய்க்கால் வெட்டிப் பாசனம் செய்த பையூட் பழங்குடி மக்களை 1863இல் ராணுவம் விரட்டியடித்தது. அவங்க இந்தக் கதையில் எங்கே?

எவ்லின் தன் அப்பன் கிராஸைக் கொல்வதாகத்தான் டவுன் முதலில் எழுதினார். பொலான்ஸ்கி மாற்றினார். சைனா டவுன் தெருவில் அவள் சாகிறாள், அப்பன் தப்பிக்கிறான். பணக்காரனைத் தப்பவிட்டே காட்டியது நேர்மைதான், மறுக்கவில்லை. ஆனா கடைசியில் கூட்டாளி ஒருவன், இது சைனா டவுன், மறந்துடுன்னு கிட்டஸிடம் சொல்கிறான். சுட்டது யார்? போலீஸ். பெத்த மகளைக் கெடுத்தவன், தண்ணியைத் திருடியவன் யார்? வெள்ளைக் கோடீசுவரன். எவ்லினும் அவள் பெண்ணும் ஒளிய இடம் கொடுத்ததோ சீன வேலைக்காரர் வீடு. பழி மட்டும் அந்தத் தெருவுக்கு!

அந்தத் தெருவின் வரலாறு வேற. 1871இல் ஒரு கும்பல் அங்கே 18 சீனர்களைக் கொன்றது. தண்டிக்கப்பட்ட எட்டுப் பேரும் பின்னர் விடுதலையானார்கள். 1882இல் சீனத் தொழிலாளர் குடியேறத் தடைச்சட்டம் வந்தது. 1930களில் ரயில் நிலையத்துக்காகப் பழைய சைனா டவுனையே இடித்தார்கள். கதை நடக்கும் காலமும் அதுதான். படம் இதில் ஒன்றையும் பேசவில்லை. தெருவின் பேரை மட்டும் இருட்டுக்கு உருவகமா எடுத்துக்கிட்டது.

தோட்டக்காரராக நடித்தவர் ஜெர்ரி ஃபுஜிகாவா, ஜப்பானிய வம்சாவளி. பாத்திரத்துக்குப் பெயரில்லை. பெயர்ப்பட்டியலில் வெறும் ‘தோட்டக்காரர்’. துப்பு சொன்ன ஆளின் பேர் என்னன்னு கிட்டஸ் கேக்கலை. முதல்முறை நானும் கேக்கலை.