ஊசிக்குள் ஆடும் மருந்து

2023 மே 27 காலையில் அரிக்கொம்பன் என்ற காட்டு யானை கம்பம் நகரத் தெருக்களில் ஓடியபோது, மயக்க ஊசி போட்டுப் பிடிக்க வேண்டியதுதானே என்பதே ஊர்ப்பேச்சாக இருந்தது. 144 தடை உத்தரவு போட்டார்கள், கும்கிகள் வந்தன. ஆனாலும் யானை பிடிபட்டது ஜூன் 5 அதிகாலையில்தான், சின்ன ஓவுலாபுரத்தை ஒட்டிய பூசானம்பட்டிப் பக்கத்தில். இடைப்பட்ட நாட்களில் வனத்துறை வாங்கிய வசவு கொஞ்சமில்லை. குறி பார்ப்பவரின் கையையும் அதிகாரிகளின் வேகத்தையும் பற்றிப் பேசிய அளவுக்குப் பறந்து போகிற அந்த ஊசியைப் பற்றி யாரும் பேசவில்லை. தாமதத்தின் நியாயத்தில் பாதி அதற்குள்ளேதான் இருக்கிறது.

துப்பாக்கித் தோட்டாவிலிருந்து தொடங்குவோம். நம் காவல்துறை பல்லாண்டுகள் சுமந்த .303 ரைபிளின் குண்டு நொடிக்குச் சுமார் 744 மீட்டர் வேகத்தில் வெளியேறும். குழலுக்குள் இருக்கும் முறுக்குவரி 10 அங்குலத்துக்கு ஒரு சுற்று. கணக்குப் போட்டால், குண்டு நொடிக்கு ஏறத்தாழ 2,900 முறை சுழல்கிறது. அந்தக் குண்டு ஒரே உலோகமும் அல்ல. 1910இல் வந்த ஏழாம் வகைக் குண்டில் வெளியே உறை, உள்ளே ஈயம், மூக்கில் அலுமினியம் போன்ற இலேசான நிரப்பு. உறைக்குள் ஈயம் சரியாகப் பிடிக்காமல் தளர்ந்தாலோ ஒரு பக்கம் வெற்றிடம் விழுந்தாலோ எடை மையம் சுழல் அச்சை விட்டு விலகும். விலகல் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். குழல்வாயைத் தாண்டிய கணமே குண்டு பக்கவாட்டில் எறியப்பட்டு, 100 மீட்டர் தூரத்தில் இரண்டரை சென்டிமீட்டர் தள்ளிப் படும். அமெரிக்க மருத்துவர் எஃப். டபிள்யூ. மான் இப்படிப்பட்ட சமநிலைக் குறைகளை ஆண்டுக்கணக்கில் சுட்டுச் சுட்டுப் பார்த்து 1909இல் புத்தகமாகவே எழுதினார். ஆக, தோட்டாவைப் பொறுத்தவரை உள்ளே எதுவும் அசையக்கூடாது என்பது கறாரான விதி.

மயக்க ஊசியால் அந்த விதிக்குக் கட்டுப்பட முடியாது. அது பறக்கும் சிரிஞ்சு. பின்னறையில் அழுத்தப்பட்ட காற்று, நடுவில் நகரும் அடைப்பு, முன்னறையில் மருந்து. ஊசியின் பக்கவாட்டுத் துளையை ஒரு சிறு ரப்பர் வளையம் மூடியிருக்கும். தோலில் குத்தும்போது வளையம் பின்னே தள்ளப்பட்டு, துளை திறந்து, காற்று அடைப்பைத் தள்ள, மருந்து தசைக்குள் பாயும். அடைப்பு நகர வேண்டும், வளையம் வழுக்க வேண்டும், மருந்து ஓட வேண்டும். இவை எல்லாம் இறுகியிருந்தால் ஊசி நேராகப் பறக்கும், ஆனால் யானை மயங்காது. நெகிழ்வு இங்கே பழுது அல்ல, கருவியின் உயிர். எனக்கு இந்தக் கருவியில் வியப்பும் அச்சமும் தருவது இதுதான்.

சிக்கல் முன்னறை முழுதாக நிரம்பாதபோது வருகிறது. பச்சை முட்டையையும் அவித்த முட்டையையும் தரையில் சுழற்றிப் பார்த்தவர்களுக்கு இது புரியும்: உள்ளே திரவம் ஆடினால் சுழற்சி தள்ளாடும். திரவம் அடைத்த பம்பரம் எப்போது நிலைகுலையும் என்பதற்கு 1959இல் ஸ்டுவர்ட்சன் என்ற கணிதவியலாளர் முறையான கோட்பாடே தந்தார். மயக்க ஊசி பெரும்பாலும் வரியில்லாத மழமழப்பான குழலிலிருந்து, வால்குஞ்சத்தின் துணையில் பறப்பது. அதனால் சுழற்சிச் சிக்கல் அதற்குக் குறைவு. ஆனால் முன்பாரம் இருந்தால்தான் வாலால் அதை நேராக்க முடியும். வெடிப்பின் உந்தலில் திரவம் பின்னே ஒதுங்கி, காற்றுத் தடையில் மறுபடி முன்னே சரிந்தால், எடை மையம் வழியெல்லாம் இடம் மாறிக்கொண்டே இருக்கும்.

இதற்குக் கால்நடை மருத்துவர்கள் கண்ட தீர்வு எளிமையானது: மிச்ச இடத்தைத் தூய்மையாக்கிய நீரால் நிரப்பிக் காற்றுக்குமிழை ஒழித்துவிடுவது. நல்ல தீர்வுதான், குறையில்லாததல்ல. நீர் சேர்ந்தால் ஊசி கனக்கும், வேகம் குறையும். ஊசி நொடிக்கு 50 மீட்டர் வேகத்தில் கிளம்புவதாகக் கொண்டால், காற்றுத் தடையை ஒதுக்கிவிட்டாலும், 30 மீட்டர் போவதற்குள் 1.8 மீட்டர் கீழே இறங்கும். எடை கூடி வேகம் 45 ஆகிவிட்டால் இறக்கம் 2.2 மீட்டர். நாற்பது சென்டிமீட்டர் வித்தியாசம்! தொடைத் தசையைக் குறிவைத்த ஊசி முட்டிக்குப் பக்கத்தில் போய் நிற்கும். யானைக்கு இந்தியாவில் அதிகம் பயன்படும் சைலசின், கெட்டமின் ஆகியவை அளவில் கூடுதலாகத் தேவை, ஆகவே ஊசியும் பெரியது. எட்டார்ஃபின் என்ற மருந்து சில மில்லி போதும், ஆனால் சுடுபவரின் கையில் ஒரு கீறல் வழியே இறங்கினாலும் ஆளைக் கொல்லக்கூடியது. ரப்பர் வளையம் தளர்ந்துவிட்டாலோ மருந்து வழியிலேயே சிந்தி, இலேசான ஊசி மேலே போய்ப் படும். பட்டாலும் பயனில்லை.

பழைய முறைகளோடு ஒப்பிட்டால் ஊசியின் பெருமையை மறுக்க முடியாது. ஆனைமலைக் காடுகளில் குழி வெட்டி யானை பிடித்த காலத்தில் கால் முறிந்த கன்றுகளுக்குக் கணக்கில்லை. சைலசின் கொடுத்தால் யானை நின்றபடியே தூங்கும், மாற்று மருந்தில் விழிக்கும். நிற்பது முக்கியம். யானையின் நுரையீரல் மார்புச் சுவரோடு ஒட்டியிருப்பதால், அது நெஞ்சு அழுந்தப் படுத்துவிட்டால் மூச்சுத் திணறும். இடம் தப்பிப் பட்ட ஊசி, பாதி மருந்து, மிரட்சியில் ஓடும் யானை, மீண்டும் ஊசி என்று போனால் மொத்தம் எவ்வளவு உள்ளே இறங்கியது என்பதே குழம்பிவிடும். 2023 ஏப்ரல் 29இல் சின்னக்கானலில் கேரள வனத்துறை இதே யானையைப் பிடித்தபோது ஒன்றுக்கு மேற்பட்ட முறை ஊசி செலுத்த வேண்டியிருந்தது.

கம்பத்தின் ஒன்பது நாட்களை இந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும். சில பத்து மீட்டருக்குள் நெருங்கினால்தான் நம்பத்தக்க கருவி. எதிரே தெருவெல்லாம் கூட்டம், மிரண்டு நிற்கும் யானை. பதற்றத்தில் உள்ள விலங்குக்கு மருந்தும் சரியாகப் பிடிக்காது. ஊசி பட்டு மயங்கும்வரை அது ஓடும் நிமிடங்களில் தெருவில் யார் நிற்பார்? முதல் நாளே யானையால் தாக்கப்பட்ட ஒரு காவலாளி சில நாட்களில் இறந்தார் என்பதை மறக்காமலேயே சொல்கிறேன்: நகருக்குள் சுடாதது சரி. சண்முகாநதி அணைப் பக்கம் அது ஒதுங்கும்வரை காத்திருந்ததும் சரி. அப்படிக் காத்திருந்து பிடித்துத்தான் மூன்று கும்கிகளின் உதவியோடு லாரியில் ஏற்றி, களக்காடு முண்டந்துறைக் காட்டில் விட முடிந்தது.

குறை சொல்ல வேண்டிய இடம் வேறு. இப்படிப்பட்ட நடவடிக்கை முடிந்ததும் எத்தனை ஊசி என்ற எண்ணிக்கை மட்டும்தான் செய்தியாகிறது. ஒவ்வொரு ஊசியின் எடை, நிரப்பிய அளவு, தூரம், குழல் அழுத்தம், பட்ட இடம், தசைக்குள் உண்மையில் இறங்கிய மருந்து ஆகியவற்றைப் பட்டியலிட்டுப் பொதுவில் வைப்பதில் என்ன தடை? பயிற்சியில் வெற்று ஊசியால் குறி பழகிவிட்டு, அன்றைக்கு மருந்து ஏற்றிய கனமான ஊசியைக் கொடுத்தால் எந்தக் கையும் தவறும். பயிற்சி ஊசியைக் கிராம் கணக்கில் மருந்து ஊசிக்கு நிகராக நீரால் நிரப்பச் சொல்லி ஓர் உத்தரவு போதும், செலவு ஒரு குடம் தண்ணீர். கம்பத்தை ஒட்டிய மேகமலைச் சரிவில் தோட்டங்களும் யானைத் தடங்களும் ஒட்டிக் கிடக்கும்வரை அடுத்த யானையும் இறங்கி வரத்தான் செய்யும்.