பெருங்கடையும் பற்றுக் கொப்பியும்

பழைய கண்டி நகரைப் பற்றி எழுதப்படும் நினைவுக் கட்டுரைகளிலே ஒரு காட்சி திரும்பத் திரும்ப இடம்பெறக் காணலாம். தலதா வீதியிலே கார்கில்ஸ், மில்லர்ஸ் ஆகிய பெருங்கடைகள் கம்பீரமாக விளங்கிய காலம். மெருகேறிய மரமேசைகள், கண்ணாடிப் பேழைகள், தாழ்ந்த குரலில் உரையாடும் விற்பனையாளர், நத்தார் காலத்து அலங்காரங்கள், கப்பலில் வந்திறங்கிய பிஸ்கட் தகரங்கள். இவையெல்லாம் போய்விட்டனவே என்ற ஏக்கத்துடன் கட்டுரை முடியும். எழுதுவோர் பெரும்பாலும் நேர்மையுடனேயே எழுதுகின்றனர். அவர்தம் ஏக்கம் போலியன்று. ஆயினும் ஓர் ஏக்கம் உண்மையானது என்பதனால் அது கூறும் வரலாறும் முழுமையானதாகிவிடாது. கண்டிக்கு வடகிழக்கே நக்கிள்ஸ் மலைச்சாரலில் அமைந்த மடுல்கெல்லையிலிருந்து இதே கடைகளை நோக்கினால் அக்காட்சி எவ்வாறு தோன்றும் என்பது ஆராயத்தக்கது.

முதற்கண், அழிந்தது எது என்பதைத் தெளிவுபடுத்துதல் வேண்டும். 1844 இல் வில்லியம் மில்ன் என்பார் கண்டியிலே தொடங்கிய பண்டசாலை வணிகமே கார்கில்ஸின் தோற்றுவாய். 1850 இல் டேவிட் சைம் கார்கில் அதிற் பங்காளரானார். கொழும்பிலும் கிளை தோன்றியது. 1906 இல் கொழும்புக் கோட்டையில் இன்றும் நிற்கும் செந்நிறக் கட்டடம் திறக்கப்பட்டது. 1946 இல் நிறுவனம் சேர் சிற்றம்பலம் கார்டினரின் கைக்கு வந்தது. சிலோன் தியேட்டர்ஸை நிறுவித் திரைப்படத் துறையிற் பெயர்பெற்ற தமிழர் ஒருவர், துரைமாரின் கடையை அவர்களிடமிருந்தே வாங்கினார் என்ற சுவையான செய்தி, பிஸ்கட் தகரத்தின் நிறத்தைக்கூட மறவாத நினைவுக் கட்டுரைகளில் அதிகம் இடம்பெறுவதில்லை. 1983 இல் கொழும்பு ஸ்டேப்பிள்ஸ் வீதியில் அந்நிறுவனம் தனது முதலாவது சுயசேவைப் பேரங்காடியைத் திறந்தது. மில்லர்ஸும் காலப்போக்கில் அதே குழுமத்தினுட் சேர்ந்தது. இன்று அதன் பேரங்காடிகள் நாடெங்கும் பரந்துள்ளன. மேலைநாட்டுப் பண்டங்களை மலைநாட்டுக்கு ஏற்றிய அதே நிறுவனம் 1999 இல் ஹங்குரன்கெத்தவிலே கொள்வனவு நிலையம் அமைத்து, மலைநாட்டு விவசாயியின் மரக்கறியை நேரே வாங்கத் தொடங்கியது.

ஆகவே நிறுவனம் வீழவில்லை. முன்னரிலும் பன்மடங்கு பருத்திருக்கின்றது. இங்கிலாந்தில் டெபன்ஹாம்ஸ் 2021 இல் தன் கடைகள் அனைத்தையும் மூடியதும், அமெரிக்காவில் சியேர்ஸ் 2018 இல் வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரியதும் வேறு வகையான கதைகள். அங்கே கடையே மாண்டது. இங்கே மாண்டது கடையின் ஒரு வடிவம். அவ்வடிவத்தின் உயிர்நிலை, பொருளுக்கும் வாங்குபவருக்கும் இடையே கிடந்த மேசையாகும். மேசைக்கு அப்பால் நின்றவர் இப்பால் நின்றவரைப் பெயர் சொல்லி வரவேற்றார். அவர் குடிக்கும் சுருட்டின் வகையை அறிந்திருந்தார். பெட்டியைக் கட்டி வண்டிவரை அனுப்பினார். நினைவுக் கட்டுரைகளை ஊன்றிப் படிப்போர்க்கு ஒன்று புலனாகும். அவை பண்டங்களுக்காக ஏங்குவதிலும் பார்க்க, இவ்வாறு அறியப்பட்டமைக்காகவே ஏங்குகின்றன. பண்டங்கள் இன்று அதிகமாகவே கிடைக்கின்றன. அன்று அறியப்பட்டவர் யாவர், அறியப்படாதார் யாவர் என்ற வினாவைத்தான் அக்கட்டுரைகள் எழுப்புவதில்லை.

இத்தகைய ஏக்கம் புதியதுமன்று. பாரிசில் 1852 இலிருந்து அரிஸ்ரிட் பூசிக்கோ வளர்த்தெடுத்த பொன் மார்ஷே, நிலைவிலையையும் பல பிரிவுகளையும் ஒரே கூரையின்கீழ்க் கொணர்ந்தபோது, அயலிலிருந்த சிறு துணிக்கடைகள் நொடித்தன. அவ்வகைக் கடையொன்றைக் களமாக்கி 1883 இல் நாவல் எழுதிய எமிலி சோலா, அதன் ஒளியையும் அவ்வொளியில் கருகிய சிறுவணிகக் குடும்பத்தையும் ஒருங்கே காட்டினார். இன்று பெருங்கடைக்காக இரங்குவோர், அப்பெருங்கடையே அன்று பிறிதோர் இரங்கலுக்குக் காரணமாயிருந்ததை நினைப்பதில்லை. தமிழிலும் அங்காடி பற்றிய இலட்சியப் படிமத்துக்குக் குறைவில்லை. பட்டினப்பாலை காட்டும் வணிகர், கொள்வதை மிகையாகக் கொள்ளாமலும் கொடுப்பதைக் குறைத்துக் கொடாமலும் நடுவுநிலை பிறழாது வாணிகம் செய்தனர். அவர்களிடம் கடன்பட்டோர் அப்பாட்டுக்கு என்ன உரை எழுதியிருப்பர் என்பது தெரியவில்லை.

கடன் என்ற சொல்லிலேதான் மடுல்கெல்லையின் பார்வை தொடங்குகின்றது. கோப்பிக் காலத்திலும் பின்னர்த் தேயிலைக் காலத்திலும் கெலேபொக்க, மடுல்கெல்லைப் பகுதித் தோட்டங்களின் விளைவு பன்வில, வத்தேகம வழியாகவே கீழிறங்கியது. கண்டிக்குப் புகைவண்டி 1867 இலும், வத்தேகம ஊடாக மாத்தளைக்கு 1880 இலும் வந்தன. தேயிலைப் பெட்டி இறங்கிய பாதையிலேயே துரையின் வீட்டுக்குரிய பெட்டியும் ஏறியது. பாதையற்ற இடங்களில் அதனைச் சுமந்தவர் தோட்டத் தொழிலாளி. பெருங்கடையைப் பற்றிய நினைவு நூல்களில் வாங்கியவர் வருகின்றார், விற்றவர் வருகின்றார். தலையில் வைத்துக் கொண்டுவந்தவர் வருவதில்லை. அப்பெட்டியினுள் இருந்தவற்றை அவர் கண்டிருத்தல் கூடும். மேசைக்கு முன் நின்று அவற்றைக் கேட்டிருத்தல் அரிது.

துரையும் கடனுக்கே வாங்கினார். கையொப்பமிட்ட சீட்டின்மீது பொருளைப் பெற்றுப் பின்னர்த் தீர்ப்பது குடியேற்ற நாடுகளில் வெள்ளையரிடையே பெருவழக்கு. வைற்றவே லெயிட்லோ என்னும் கடைக்குக் கீழைத்தேய நகரங்களில் வழங்கிய பட்டப்பெயர் ஒன்று இதற்குச் சான்று. அக்கடை கைக்காசுக்கே விற்றமையால், கொண்ட பொருளுக்கு அவ்விடத்திலேயே பணம் என்று பொருள்படுமாறு அதன் பெயரைத் திரித்து நகையாடினர். கடன் தராத கடை நகைப்புக்கிடமாகும் அளவுக்குத் துரைக்குக் கடன் ஓர் உரிமையாயிருந்தது. அவர் பெயர் கடையேட்டிற் பதியப்படுவது அவருக்கு மதிப்பாயிற்று.

அதே காலத்திலே தொழிலாளியின் பெயரும் ஓர் ஏட்டில் ஏறியது. தென்னிந்தியாவிலிருந்து புறப்படும்போது பெற்ற முற்பணத்திலேயே கணக்குத் தொடங்கிற்று. தோட்ட நிருவாகம் அரிசியை வழங்கி அதன் விலையைச் சம்பளத்திற் கழித்தது. எஞ்சியவற்றுக்குத் தோட்டக் கடை. அதன் பின்னாற் பல இடங்களிற் பெரிய கங்காணியின் கையும் இருந்தது. ஒருவர் ஒரு தோட்டத்தை விட்டு மற்றொன்றுக்குச் செல்வதற்கு அவர்மீதுள்ள கடனைக் குறித்த 'துண்டு' வேண்டியிருந்தது. கடனைத் தீர்க்கும் தோட்டம் ஆளையும் பெற்றுக்கொண்டது. 1921 ஆம் ஆண்டுச் சட்டம் துண்டு முறையை ஒழித்தது. கடையேட்டை அது ஒழிக்கவில்லை. சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்த மலைநாட்டு மக்கள் பாடல்களையும் அவருக்குப் பின்வந்த மலையகச் சிறுகதைகளையும் நோக்குவோர், கண்ணாடிப் பேழைகளுக்கு அங்கு இடமில்லை என்பதைக் காண்பர். அங்கு உள்ளவை கங்காணி, கணக்கப்பிள்ளை, சம்பள நாள், கழிவு, கடன். இதனை மலையக எழுத்தாளரின் பார்வைக் குறுக்கம் எனக் கொள்வது பொருந்தாது. அவர்கள் தம் மாந்தர் நின்ற இடத்திலிருந்தே எழுதினர். அவ்விடத்திலிருந்து தலதா வீதி தெரியவில்லை.

எனினும் பற்றுக் கொப்பியை விலங்கு என்ற ஒரே சொல்லால் விளக்கிவிடும் எளிய வழக்கத்தையும் ஏற்பதற்கில்லை. மடுல்கெல்லை போன்ற சிறு கடைவீதிகளிலே கடை நடத்தியோர் எல்லாரும் கங்காணிமாரல்லர். மழையால் வேலை நாள் குறைந்த மாதத்திலும், பிள்ளைப்பேற்றின்போதும், இறந்த வீட்டுச் செலவுக்கும் பெயரெழுதிக்கொண்டு மாவும் சீனியும் கொடுத்தவர் அங்கு இருந்தனர். விலையைச் சற்றுக் கூட்டி எழுதியவரும் அவரே. 1973, 1974 ஆம் ஆண்டுகளிலே உணவுத் தட்டுப்பாடு நாட்டை வாட்டியபோது, கூப்பனுக்குரிய அரிசியும் மாவும் குறைக்கப்பட்டன. வீட்டுத் தோட்டமோ வயலோ இல்லாத தோட்டத் தொழிலாளர் பட்டினிக்கு இலக்காயினர்; பலர் மாண்டனர். அக்காலத்தில் ஒரு குடும்பம் உலை வைத்ததும் வைக்காததும் கடைக்காரர் கொப்பியிலே இன்னொரு வரி எழுத உடன்பட்டாரா என்பதில் தங்கியிருந்த நாட்கள் உண்டு. சுரண்டலும் உதவியும் ஒரே கையெழுத்தில் எழுதப்பட்ட ஏடு அது. இம்முரண்பாட்டை அப்படியே ஏற்று எழுதப்படும் திறனாய்வே மலையகக் கடையைப் பற்றி ஏதேனும் சொல்லவல்லது. கடைக்காரரை வில்லனாக்கும் கதைகளும் வள்ளலாக்கும் நினைவுரைகளும் அவ்வகையில் ஒரே குறையுடையன.

நினைவுக் கட்டுரைகளின் வினைச்சொற்களும் கவனிக்கத்தக்கன. கடைகள் 'மறைந்தன', 'போயின', 'இல்லாதொழிந்தன' என்றே எழுதப்படும். யாவும் தன்வினை, செய்தவர் எவருமிலர். காலம் என்ற மங்கலான எழுவாய் ஒன்றே அவ்வப்போது தலைகாட்டும். பெருங்கடையைப் பொறுத்தவரை இது ஓரளவு பொருந்தலாம். துரைமார் நாடு நீங்கினர். இறக்குமதிக் கட்டுப்பாடுகள் வந்தன. 1972, 1975 ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1977 இன் பின்னர்த் திறந்த பொருளாதாரம் எவரும் எதையும் இறக்குமதி செய்து விற்கும் நிலையை உண்டாக்கியது. அவற்றால் வாடிக்கையாளரின் வர்க்கமும் மாறியது, கடையும் மாறியது. ஆனால் கண்டியில் தமிழரின் புடைவைக் கடைகளும் பலசரக்குக் கடைகளும் நகைக்கடைகளும் 1983 ஜூலையிற் பட்ட பாட்டுக்குத் தன்வினை பொருந்தாது. அவை மறையவில்லை. எரிக்கப்பட்டன. நாட்டின் முதலாவது சுயசேவைப் பேரங்காடிகளுள் ஒன்று கொழும்பில் திறக்கப்பட்ட அதே ஆண்டு அது. பழைய கண்டியின் கடைகளை வரிசையாக நினைவுகூரும் ஒரு கட்டுரை, இவ்விரு வகை முடிவுகளையும் 'மறைந்தன' என்ற ஒரே வினைமுற்றினுள் அடக்குமாயின், அங்கே ஏக்கம் வரலாற்றைத் திரிக்கத் தொடங்கிவிடுகின்றது.

எரிந்தவை சுவரும் சரக்கும் மட்டுமல்ல. பெருங்கடை நிறுவனத்துக்கு ஆண்டறிக்கையும் நிழற்படமும் நூற்றாண்டுக் கொண்டாட்டமும் உண்டு. சிறுகடைக்கு இருந்த ஒரே ஆவணம் பற்றுக் கொப்பி. எந்த லயத்திலிருந்து யார் வந்தார், எந்த மாதம் அவர் அரிசியை விட்டு மாவுக்கு மாறினார், எந்தத் தீபாவளிக்கு யார் வீட்டுக்குப் புடைவை போகவில்லை என்பதெல்லாம் அதில் இருந்திருக்கும். கடை எரிந்தால் கொப்பியும் எரியும். பழைய பெருங்கடை பற்றி எழுத வாய்ப்பு மிகுதியாயிருப்பதற்கும் தமிழர் கடைவீதி பற்றிய எழுத்து மிகக் குறைவாயிருப்பதற்கும் இச்சான்றின்மையும் ஒரு காரணம் எனலாம்.

இவ்வாறு கூறுவதனால் பெருங்கடையில் இழக்கத்தக்கது எதுவுமே இருக்கவில்லை என்றாகாது. துணியைக் கையாற் தொட்டே அதன் தரத்தைக் கூறும் பயிற்சி, ஒரு பிரிவிலேயே முப்பதாண்டு நின்று பெற்ற அறிவு, அவ்வறிவுக்குரிய நிரந்தர வேலை ஆகியன அங்கு இருந்தன. இன்றைய பேரங்காடியின் காசாளருக்கு அத்தகைய தேர்ச்சி வேண்டப்படுவதில்லை. பொருளின் மேலுள்ள கோடுகளை இயந்திரம் வாசித்துக்கொள்ளும். நினைவுக் கட்டுரையாளர் விற்பனையாளரின் பணிவைப் புகழ்வதை விடுத்து அவருடைய தொழிலறிவைப் பற்றி எழுதியிருப்பாராயின் அவர்தம் கட்டுரைகள் வேறு தரத்தன ஆகியிருக்கும். பணிவு வாங்குபவருக்குரிய இன்பம். தொழிலறிவு விற்பவரின் உடைமை. அண்மைக்காலமாகத் துரைமாரின் பங்களாக்கள் உல்லாசப் பயணிகளுக்குரிய விடுதிகளாகி, அக்காலத்துத் தேநீர் விருந்தும் வெள்ளுடைப் பணியாளரும் விலைக்கு விற்கப்படுகையில், பணிவுக்கான ஏக்கத்துக்கு நல்ல சந்தை இருக்கின்றது என்பது வெளிப்படை.

மறுபுறம், சுயசேவைப் பேரங்காடி மேசையை அகற்றியது. மடுல்கெல்லையிலிருந்து பேருந்தில் வரும் தொழிலாளியின் மகள் தலதா வீதியில் எந்த வணிக வளாகத்தினுள்ளும் நுழையலாம். பொருளைக் கையில் எடுக்கலாம். விலையைத் தானே வாசித்து, வேண்டாமெனில் எவருக்கும் காரணம் கூறாது திருப்பி வைக்கலாம். காசாளராக அங்கு வேலை செய்யவும் கூடும். அவளுடைய பாட்டிக்கு இது இயலாதிருந்தது. பெருங்கடைக்காக இரங்கும் எழுத்துகளில் இம்மாற்றம் கணக்கிற் சேர்க்கப்படுவதே இல்லை.

ஆயினும் உள்ளே நுழையும் உரிமை வாங்கும் ஆற்றலாகாது. நெடும் போராட்டத்தின் பின்னர் 2021 மார்ச்சில் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாவாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு செப்டெம்பரிலே கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதத்தை எட்டியது. பேரங்காடியிலே பெயரெழுதிப் பொருள் பெறும் வழக்கம் கிடையாது. வங்கி அட்டை வைத்திருப்பவர் அங்கும் கடனுக்கே வாங்குகின்றார். பழைய துரையின் கையொப்பச் சீட்டு இன்று அவ்வடிவில் வாழ்கின்றது. அட்டை இல்லாதவர் தமது ஊர்க் கடைவீதிக்குத் திரும்பி, கொப்பியைத் திறக்குமாறு கடைக்காரரைக் கேட்க வேண்டியவராகின்றார்.