கால் தீர்மானிக்கலாமா? டாரஸ் மிதி-சிந்தசைசர்: ஒரு வாசிப்பு

1

மின்னணு இசைக்கருவிகளைப் பற்றி எழுதுகிறவர்கள் அனேகமாக ஒலியைப் பற்றியே எழுதுகிறார்கள். அமெரிக்காவின் மோக் நிறுவனம் 1970களின் நடுவில் வெளியிட்ட டாரஸ் விஷயத்திலும் இதே கதைதான். என்ன கனம், என்ன அடர்த்தி, தரையே அதிருதே என்கிறார்கள். அதிரட்டும். என் கேள்வி வேறு. இது காலால் வாசிக்கப்படும் சிந்தசைசர். இதில் காலுக்கு எதை விட்டுக் கொடுத்தார்கள், எதைக் கொடுக்கவில்லை? ஒரு கருவியின் வடிவமைப்பையும் பிரதியாக வாசிக்கலாம் என்றால், இந்தப் பிரதி உடலுக்குள் நடக்கும் வேலைப் பிரிவினையைப் பற்றியது என்பது என் வாசிப்பு.

நம் பேச்சில் கால் எங்கே இருக்கிறது, பாருங்கள். கால்தூசு பெறுமா என்கிறோம். காலால் இட்ட வேலையைத் தலையால் செய்வதாகப் பணிவு காட்டுகிறோம். கால் சுமக்கும், நடக்கும், உதைக்கும், யோசிக்காது. ஐரோப்பிய இசையிலும் இந்தப் பிரிவினை உண்டு. மின்சாரம் வருமுன் தேவாலயத்துப் பைப் ஆர்கனுக்குக் காற்றடிக்கத் துருத்தி மிதிக்க ஆள் வேண்டியிருந்தது. ஜெர்மனியில் அந்த ஆளுக்குக் ‘கால்கன்ட்’ என்று பெயர். (நம் ‘கால்’ போல ஒலிப்பது தற்செயல், மிதித்தலைக் குறிக்கும் லத்தீன் வினையிலிருந்து வந்த சொல் அது.) அதே ஆர்கனின் முன்னால் உட்கார்ந்தவரின் கால் வேறு வர்க்கம். பாகின் ஆர்கன் படைப்புகளில் அந்தக் காலுக்கென்று தனிக் குரலே உண்டு. ஆக, ஒரே கருவியில் இரண்டு கால்கள்: காற்றைத் தரும் கால், குரலை எழுப்பும் கால். டாரஸ் இவற்றில் எந்தக் காலுக்காகச் செய்யப்பட்டது?

2

கருவியைப் பார்ப்போம். தரையில் படுத்திருக்கும் கனமான பெட்டி. முன்பக்கம் குட்டையான 13 மிதிகட்டைகள்: ஒரு ஸ்தாயி, கூட மேல் ‘ஸ’ ஒன்று. ஒரு நேரத்தில் ஒரே சுரம்தான் எழும். சர்ச் ஆர்கனில் 30க்கும் மேல் மிதிகள் இருக்கும்போது இதில் ஏன் இவ்வளவு கஞ்சத்தனம்? ஆர்கன் வாசிப்பவர் பெஞ்சில் உட்காருகிறார். இரண்டு கால்களும் அவருக்கு ஓய்வாக இருக்கின்றன. குதிகால், விரல்முனை இரண்டாலும் வாசிக்கலாம். டாரஸ் வாசிப்பவரோ பெரும்பாலும் நிற்கிறார், கழுத்தில் கிட்டார் தொங்குகிறது. ஒரு கால் உடலைத் தாங்க, மற்றது மட்டுமே வாசிக்க முடியும். ஒற்றைக் காலின் வீச்சுக்குள் அடங்குவது ஒரு ஸ்தாயிதான். குறைபாடு போலத் தெரிகிற இது, நிற்கும் உடலை அளந்து வெட்டியது.

மிதிகளுக்கு மேலே காலால் அமுக்கும் பொத்தான்கள். டாரஸ், டூபா, பேஸ் என்று ஆலையிலேயே அமைத்துத் தந்த மூன்று ஒலிகள். நாலாவது ‘வேரியபிள்’, நாமே அமைத்துக்கொள்வது. சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்கிச் செல்ல ஒன்று, மிதியை விட்டபின் ஒலி மெல்லத் தேய ஒன்று, ஸ்தாயி மாற்ற ஒன்று. இவற்றோடு பாதத்தால் தள்ளி நகர்த்தும் இரண்டு பெரிய ஸ்லைடர்கள். ஒன்று ஒலியின் அளவுக்கு. மற்றது ஃபில்டருக்கு, அதாவது ஒலியின் நிறத்தை மூடவும் திறக்கவும்.

இந்த இரண்டாவது ஸ்லைடர்தான் எனக்கு முக்கியம். சுரத்தை மிதிக்கிற கால், அடுத்த நொடி அந்தச் சுரத்தின் குணத்தையும் மாற்றலாம். கைகள் கிட்டாரில் மாட்டியிருக்க, மங்கிக் கிடக்கும் ஆழ்ந்த ஒலியை மெல்லத் திறந்து பிரகாசப்படுத்துவது பாதத்தின் முடிவு. ஒலியின் நிறத்தைத் தீர்மானிப்பது சிந்தசைசரில் பெரும்பாலும் விரல்களின் வேலை. அது இங்கே தரைக்கு இறங்கியது.

3

ஆனால் முழுசாக இறங்கவில்லை. ‘வேரியபிள்’ ஒலியை அமைக்கும் குமிழ்கள் ஒரு மூடிக்குக் கீழே ஒளிந்திருக்கின்றன. எல்லாம் பொடிக் குமிழ்கள், விரலுக்கானவை. அவற்றைத் திருப்ப வேண்டுமானால் வாசிப்பவர் குனிய வேண்டும், இல்லை உட்கார வேண்டும். கச்சேரி நடுவில் அது நடக்காது. தெரியாமல் கால் பட்டு அமைப்பு கலைந்துவிடக் கூடாது என்பது நியாயமான காரணம்தான், மறுக்கவில்லை. விளைவு என்ன? காலுக்குத் தேர்வு செய்யும் உரிமை உண்டு, தேர்வுக்குரியவற்றை உருவாக்கும் உரிமை இல்லை. நாலு பேரில் ஒருவருக்கு ஓட்டுப் போடலாம். வேட்பாளரை நிறுத்த முடியாது. இது நமக்குப் பழக்கமான ஏற்பாடு, இல்லையா?

4

விடுதலை என்று நான் சொல்வதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. மோக் நிறுவனம் முதலில் நினைத்தது ‘கான்ஸ்டலேஷன்’ என்ற மூன்று கருவித் தொகுதி: அப்போலோ, லைரா என்று கைகளுக்கு இரண்டு விசைப்பலகைகள், கீழே டாரஸ். தொகுதி அப்படியே சந்தைக்கு வரவில்லை. அப்போலோ ‘பாலிமோக்’ ஆனது. லைரா வரவேயில்லை. சொந்தப் பெயரோடு பிழைத்தது காலடியில் கிடந்ததுதான். அதை எடுத்துக்கொண்டவர்களில் முக்கியமானவர்கள் கிட்டார்க்காரர்கள்: ஜெனிசிஸ் குழுவின் மைக் ரூதர்போர்ட், ரஷ் குழுவின் கெடி லீ.

ரஷ் மூன்றே பேர் கொண்ட குழு. கெடி லீ பாடுவார், பேஸ் கிட்டார் வாசிப்பார், விசைப்பலகைக்குப் போவார், காலால் டாரஸை மிதிப்பார். கைகள் வேறெங்கோ இருக்க, அடித்தளம் காலிலிருந்து வரும். மூன்று பேரிடமிருந்து ஐந்து பேரின் ஒலி. இதைக் கலையின் விரிவு என்று கொண்டாடலாம். ஒரே ஆள் தலையில் இரண்டாள் வேலை என்றும் சொல்லலாம். ஆலையில் ஒரு தொழிலாளியிடம் இரண்டு தறியைக் கொடுக்கும்போது நாம் கொண்டாடுவதில்லை. வித்தியாசம், இங்கே அந்தச் சுமையை ஏற்றுக்கொண்டது வாசிப்பவரே, மேஸ்திரி அல்ல. இந்த வித்தியாசம் சின்னதல்ல. ஆனாலும் நாலாவது இசைஞரின் நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது. காலுக்குக் கிடைத்த அதிகாரத்தைப் பேசும்போது இதையும் சேர்த்தே பேச வேண்டும்.

5

பிறகு நடந்தது இன்னும் தெளிவு. 1981இல் வந்த டாரஸ் 2இல் மிதிகள் 18 ஆயின. காலுக்கு நிலம் கூடியது என்று தோன்றும். கட்டுப்பாட்டுப் பலகையோ ஒரு கம்பத்தில் ஏறிக் கையெட்டும் உயரத்துக்குப் போய்விட்டது. அது ‘ரோக்’ என்ற விசைப்பலகை சிந்தசைசரின் மூளைதான். பாதத்தின் ஸ்லைடர்கள் போயின. மிதிக்க அதிக இடம், தீர்மானிக்க இடமில்லை. ரசிகர்கள் இதை ஒதுக்கியதற்கு ஒலியைத்தான் காரணம் சொல்கிறார்கள். பறிபோன ஸ்லைடரைப் பற்றி யாரும் அதிகம் வருந்திக் காணோம்.

2010இல் டாரஸ் 3 வந்தது. மறுபடி தரை, மறுபடி 13 மிதிகள். ஆனால் 2012இல் அதே நிறுவனம் ‘மினிடார்’ என்ற சின்னப் பெட்டியை வெளியிட்டது. டாரஸின் ஒலி வழியில் வந்தது, மேசை மேல் வைப்பது. மிதிகட்டையே கிடையாது. வேண்டுமென்றால் வேறொரு மிதிப்பலகையை வாங்கி இணைத்துக்கொள்ளலாம். கருவிக்கு அது தேவையில்லை. காலுக்காகப் பிறந்த குரல் இப்போது விரல்நுனியில்.

ஒலியை மட்டும் கேட்கும் விமர்சனத்துக்கு இதில் இழப்பு எதுவும் இல்லை. அதே கனம், அதே அதிர்வு. எந்த உறுப்பு எதைத் தீர்மானிக்கலாம் என்று பார்க்கும் விமர்சனத்துக்குத்தான் இழப்பு புலப்படும். மேடையில் ஒருவர் கீழே பார்க்காமலேயே பாதத்தை நகர்த்தி ஒலியின் நிறத்தை மாற்றினால், அடுத்த முறை அந்தப் பாதத்தையும் கொஞ்சம் கவனியுங்கள்.