ஊற்றுக்கண்ணும் பூமியின் வயிறும்

பாலாற்றில் மேலே மணல், தண்ணீர் அடியில். பார்வைக்கு எட்டாத அந்த அடியைப் பற்றிப் பேச உழவர்கள் உடம்பிலிருந்து சொல் எடுத்தார்கள். மணலைத் தோண்டி, சுரந்த நீரை வயலுக்குக் கொண்டுபோன வழி ஊற்றுக்கால். கிணற்றுக்குள் நீர் வரும் துளை ஊற்றுக்கண்.

இவற்றை வெறும் அலங்காரமென்று தள்ள எனக்கு மனமில்லை. தமிழில் 'கண்' துளையும்தான், இடமும்தான். தொல்காப்பியம் ஏழாம் வேற்றுமை உருபாகச் சொல்வதும் இதையே. கிணற்றில் இறங்கித் தூர்வாரியவர் எந்தப் பாறை இடுக்கு என்று விரல் வைத்துக் காட்டக்கூடிய சொல் ஊற்றுக்கண். கண் தூர்ந்துபோனது என்றால் அடுத்த வேலை என்ன என்பதும் அதிலேயே இருக்கிறது.

'பூமித்தாயின் வயிறு' அப்படியல்ல. மேடையிலும் தலையங்கத்திலும் புழங்கும் இத்தொடர் எந்த இடத்தையும் சுட்டுவதில்லை. அதைவிடப் பெரிய கேடு, வயிறு என்றதும் செரிமானமும் தாய் என்றதும் பொறுமையும் கூடவே வந்துவிடுவது. பாலாற்றுப் பகுதியில் ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை தோல் பதனிடும் ஆலைகள் விட்ட உப்பையும் குரோமியத்தையும் மண் செரித்துவிடவில்லை. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, தோல் தொழில் வட்டாரத்தில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுவதுமாகவோ சாகுபடிக்கு உதவாமல் போனதைப் பதிவு செய்தது. ஒரு கிலோ தோலுக்கு ஏறத்தாழ 35 லிட்டர் தண்ணீர், குரோம் கொண்டு பதனிடும் முறையில் சுமார் 170 வகை ரசாயனங்கள் என்ற கணக்கும் அதில் உண்டு. மாசுபடுத்தியவரே ஈடு தர வேண்டும் என்று அது சொன்னது. தாயின் வயிறு எரிகிறது என்று எழுதினாலோ, எரித்தவர் வாக்கியத்திலிருந்தே காணாமல் போகிறார்.

ஊற்றுக்கண்ணுக்கும் ஒரு போதாமை உண்டு. சொல்ல வருத்தமாகத்தான் இருக்கிறது. அதற்குத் தெரிந்த நிலைகள் இரண்டே: திறந்திருப்பது, தூர்ந்திருப்பது. கண் திறந்து, கிணறும் நிறைந்து, தண்ணீர் மட்டும் வாயில் வைக்க முடியாமல் போகும் நிலைக்கு அந்தச் சொல்லில் இடமில்லை. இப்போது மக்கள் நாக்கை நம்பி 'உப்புத் தண்ணி' என்கிறார்கள். உப்பு நாக்குக்குத் தெரியும். சிறிதளவு கலந்த குரோமியத்தை நாக்கும் சொல்லாது. அதற்கு அந்த நீரை ஒரு புட்டியில் பிடித்து ஆய்வுக்கூடத்துக்குத்தான் அனுப்ப வேண்டும்.