சிறையிலிருந்து ஒரு நூல்: சாட்சியமும் சட்டமும்

சிறை இலக்கியம் என்றதும் குற்றஞ் சாட்டப்பட்டு, விசாரிக்கப்பட்டு, தண்டிக்கப்பட்டவர்களின் எழுத்துக்களே பெரும்பாலும் நம் நினைவுக்கு வருகின்றன. அவர்களுக்கு ஒரு நீதிபதி இருந்தார். எண்ணிக் கழிக்கத்தக்க ஆண்டுக்கணக்கும் இருந்தது. குற்றமுமின்றி, விசாரணையுமின்றி, விடுதலைக்கு ஒரு நாளும் குறிக்கப்படாது அடைக்கப்பட்ட மனிதனின் இலக்கியம் நம் காலத்திலே தோன்றியுள்ளது. குர்திய எழுத்தாளர் பெஹ்ரூஸ் பூச்சானி எழுதி 2018இல் ஆங்கிலத்தில் வெளிவந்த, ‘மலைகளையன்றி நண்பர் இல்லை’ என்னும் பொருள்படும் தலைப்புடைய நூல் அவ்வகையினது. சாட்சியம் என்ற வகையில் இந்நூல் சாதித்தது யாது, சாட்சியம் மட்டும் போதுமா என்னும் இரு வினாக்களை முன்வைத்து இதனை நோக்குதல் தகும்.

2013 ஜூலை 19ஆந் திகதி அவுஸ்திரேலியப் பிரதமர் கெவின் ரட், விசாவின்றிப் படகில் வரும் அகதிகள் எவரும் இனி அந்நாட்டிற் குடியமர்த்தப்படமாட்டார்கள் என அறிவித்தார். ஈரானிலிருந்து தப்பிய பத்திரிகையாளரான பூச்சானி அதன்பின் சில நாட்களிலேயே கிறிஸ்மஸ் தீவை வந்தடைந்தார். பப்புவா நியூகினிக்குச் சொந்தமான மானுஸ் தீவு முகாமுக்கு அவர் அனுப்பப்பட்டார். அங்கு ஒளித்து வைத்திருந்த கைத்தொலைபேசியிற் பாரசீக மொழியில் எழுதித் துண்டு துண்டாக அனுப்பிய செய்திகளே நூலாயின. ஒமிட் தொஃபீஜியான் அவற்றை ஆங்கிலத்திற் பெயர்த்தார்.

நூலின் உருவம் இச்சூழலின் விளைவேயாகும். உரைநடை இடையிடையே கவிதையாக முறிகின்றது. நிர்வாகம் கைதிகளை இலக்கங்களால் அழைத்தது. ஆசிரியரோ அவர்களுக்குப் பட்டப்பெயர் சூட்டுகிறார். உணவு வரிசையில் எப்போதும் முதலில் நிற்பவன் ‘பசு’. கண்ணியமான நடத்தையுடையவர் ‘பிரதம மந்திரி’. இலக்கமாக்கப்பட்ட மனிதனுக்கு முகத்தை மீட்டுத் தரும் இச்செயல் வெறும் உத்தியன்று, எதிர்ப்பே ஆகும். உணவுக்கு வரிசை, தொலைபேசிக்கு வரிசை என்று நாள் முழுவதையும் வரிசைகள் விழுங்குகின்றன. தந்தை மரணப் படுக்கையில் இருக்கிறார் என்றறிந்த ஒருவன் ஒரேயொரு தடவை பேச அனுமதி கேட்கிறான். அவனது முறை வரவில்லை என மறுக்கின்றனர். தந்தை இறந்துபோகிறார். இங்கே எவரும் சாட்டையை ஓங்கவில்லை, விதியைத்தான் கடைப்பிடித்தனர். கொடுமை ஒழுங்குவிதியின் வடிவில் இயங்கும் விதத்தை இதனினும் எளிமையாகக் காட்டுவது அரிது.

காவலரையும் அவர் ஒரே வார்ப்பில் வடிக்கவில்லை. அவுஸ்திரேலிய மேலாளர்களின் கீழ்ப் பணிபுரியும் தீவின் உள்ளூர்த் தொழிலாளரை அதிகாரப் படிகளின் அடித்தட்டில் வைத்துக் காண்கிறார். முகாமின் அதிகார உறவிலே பழைய குடியேற்ற ஆட்சியின் நிழல் விழுகின்றது.

ஆயினும் நாம் ஒரு குறையைச் சுட்டவேண்டும். நூலில் வரும் ‘முறைமை’ பல இடங்களிற் கடலையும் வெயிலையும்போல, ஆக்கியோன் எவனுமில்லாத இயற்கைச் சக்தியாகவே தோன்றுகிறது. மனிதர் இயற்றிய சட்டங்களும், கையொப்பமிட்ட ஒப்பந்தங்களும், வாக்கு வேட்டையாடிய அரசியலுமே அதனை உருவாக்கின. சட்டத்தரணிக்கு இந்நூலின் உலகில் இடம் மிகச் சிறிது. இது கலைஞனின் கவனக்குறைவா? அன்று. சட்டம் அக்கைதியின் கண்ணுக்கு எட்டாதவாறு வைக்கப்பட்டிருந்தது. அவ்வெறுமையையும் நூல் பதிவு செய்துள்ளது. எனினும் வாசகன் அவ்வெறுமையை விதியென்று கொள்ளலாகாது. நூலுக்கு வெளியே உள்ள வரலாற்றையும் அவன் சேர்த்துப் படிக்க வேண்டும்.

அவ்வரலாறு வருமாறு: அவுஸ்திரேலியாவிற் கட்டாயத் தடுப்புக்காவல் 1992இற் சட்டமாயிற்று. திருப்பியனுப்ப நாடில்லாத நாடற்றவரையுங் கால வரையறையின்றி அடைத்து வைக்கலாம் என அந்நாட்டு உயர் நீதிமன்றம் 2004இல் நால்வருக்கு மூவர் என்னும் பெரும்பான்மையால் தீர்ப்பளித்தது. அனுமதியின்றி வந்தோர்க்கு அரசு செலவில் வழங்கப்பட்ட சட்ட உதவி 2014இல் நிறுத்தப்பட்டது. ஆயினும் வழக்காடுவோர் ஓயவில்லை. மானுஸ் தடுப்புக்காவல் அரசியலமைப்பு வழங்கும் தனிமனித சுதந்திரத்துக்கு முரணானது என 2016 ஏப்ரலிற் பப்புவா நியூகினியின் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மானுஸ் கைதிகள் கூட்டாகத் தொடுத்த வழக்கில், பொறுப்பை ஏற்காமலே 7 கோடி டொலர் வழங்க அவுஸ்திரேலிய அரசு 2017இல் இணங்கிற்று. 2004ஆம் ஆண்டுத் தீர்ப்பும் 2023 நவம்பரில் தகர்ந்தது; நூற்றுக்கு மேற்பட்டோர் வெளியே வந்தனர். வென்ற உரிமை தானே நிலைப்பதில்லை. அவ்வாறு வெளிவந்தோரை நவூருத் தீவுக்கு அனுப்ப 2025இல் அரசு உடன்பாடு செய்தது.

சட்டத்தரணி ஒருவர் இருப்பதும் இல்லாததும் எத்தகைய வேறுபாட்டைத் தரும் என்பதற்கு நம் நாட்டவரே சான்று. 2014இல் நடுக்கடலில் மறிக்கப்பட்ட ஒரு படகிலிருந்த 41 இலங்கையர், கடலிலேயே சுருக்கமாக விசாரிக்கப்பட்டு இலங்கைக் கடற்படையிடம் ஒப்படைக்கப்பட்டனர். அதேகாலத்தில் இந்தியாவிலிருந்து 157 பேருடன் சென்ற மற்றொரு படகிலிருந்த இலங்கைத் தமிழருக்காகச் சட்டத்தரணிகள் உயர் நீதிமன்றத்தை அணுகினர். ஏறக்குறைய ஒரு மாதம் அவர்கள் கப்பலில் அடைபட்டிருந்தனர். அதுவும் சட்டபூர்வமே என 2015இற் பெரும்பான்மைத் தீர்ப்பு வந்தது. வழக்குத் தோற்றது. ஆயினும் வழக்கு நடந்த வேளையில் அவர்களை இரகசியமாகத் திருப்பியனுப்ப முடியவில்லை.

அவ்வேளை அவுஸ்திரேலிய அமைச்சகம், படகில் வந்தோரைச் ‘சட்டவிரோதமாகக் கடல்வழி வந்தோர்’ எனக் குறிக்கத் தன் உத்தியோகத்தர்க்குப் பணித்திருந்தது. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தொழிலாளரை நாடற்றவராக்கிய இம்மண்ணில், ‘கள்ளத்தோணி’ என்ற வசைச்சொல் எவ்வாறு பயன்பட்டது என்பதை நாம் அறிவோம். முதலிற் சொல் மனிதனைக் குற்றவாளியாக்கும். பின்னர் சட்டம் அச்சொல்லைத் தொடரும். ஆகவே சொல்லோடு போராடுவது எழுத்தாளன் கடமை. சட்டத்தோடு போராடுவது குடிமக்களின் கடமை.

2019 ஜனவரியில் இந்நூல் விக்ரோரிய மாநிலத்தின் உயர்ந்த இலக்கியப் பரிசைப் பெற்றது. பரிசு வழங்கிய நாட்டினுள் நுழைய ஆசிரியருக்கு அனுமதியில்லை. அவ்வாண்டின் இறுதியில் நியூசிலாந்துக்குச் சென்ற அவர், 2020இல் அங்கே அகதியாக ஏற்கப்பட்டார். திறமையுள்ள ஒரு சாட்சியைப் போற்றிவிட்டு, எழுதத் தெரியாத நூற்றுக்கணக்கானோரை மறந்துவிடுவது பண்புள்ள சமூகங்களுக்கும் எளிதாகவே உள்ளது. அழகாக எழுதியவனுக்கு மட்டும் உரியதன்று உரிமை. தன் கதையை இரு வாக்கியங்களிற் சொல்லத் திணறுபவனுக்கும், அவன் மொழி அறிந்த ஒரு துவிபாஷியும், அவன் பக்கம் நிற்க ஒரு சட்டத்தரணியும், கேட்க ஒரு நீதிமன்றமும் வேண்டும். இந்நூலைப் படித்துக் கண்ணீர் சிந்துவதோடு அமையாது, அவ்வுரிமையைக் கேட்கத் துணியும் வாசகனே பூச்சானிக்கு உண்மையான வாசகன்.