தீர்மானிப்பவர் எங்கே?

கென் லோச் நெறிப்படுத்திய ‘ஐ, டானியல் பிளேக்’ 2016 இல் கான் திரைப்பட விழாவின் தங்கப் பனை விருதைப் பெற்றது. அரசின் உதவிப்பணம் கணனிவழிச் செல்லத் தொடங்கியபின் ஏழைக் குடும்பங்களுக்கு நேர்வது யாது என்ற வினா நம் நாட்டிலும் எழுந்துள்ளமையால், அப்படத்தை மீண்டும் நோக்குதல் தகும்.

டானியல் நியூகாசில் நகரத்துத் தச்சன். மாரடைப்புக்குப் பின் வேலை செய்யலாகாதென்பது வைத்தியரின் கட்டளை. புள்ளிக் கணக்கோ அவன் வேலைக்குத் தகுதியுடையவன் என்கிறது. வேறு உதவிக்கு விண்ணப்பிக்கலாமென்றால், அது கணனியில் மட்டுமே. மரத்தை இழைத்துப் பழகிய கை, ‘சுட்டியை மேலே நகர்த்துங்கள்’ என்றதும் அதனைத் தூக்கித் திரைமீதே வைக்கிறது. நாமும் சிரித்தோம், விண்ணப்பம் அனுப்பப்படாமலே நேரம் முடிந்தபோது அச்சிரிப்புக்காக நாணினோம்.

இஃது வெறுங் கற்பனையன்று. பிரித்தானியாவில் 2013 இல் தொடங்கிய ‘யூனிவேர்சல் கிரெடிற்’ ஆறு உதவிகளை ஒன்றாக்கி, இணையவழி விண்ணப்பத்தையே பொதுவழக்காக்கியது.

ஆயினும் லோச் இயந்திரத்தைப் பகைவனாக்கவில்லை. அயல்வீட்டு இளைஞன் கணனித் திரையிலேதான் சீனத் தொழிற்சாலை நண்பனோடு அளவளாவுகிறான், டானியலுக்கும் உதவுகிறான். பகை வேறிடத்தில் உள்ளது. ‘தீர்மானிப்பவர்’ என்றொருவரின் பெயரால் எல்லாம் நடைபெறுகின்றன. படம் முடியும்வரை அவர் முகத்தை நாம் காண்பதில்லை. படத்தின் ஆழ்ந்த உண்மை இதுவே.

2023 இல் இங்கு ‘அஸ்வெசும’ வந்தது. மின்பாவனை, வீட்டின் நிலை, உடைமைகள் முதலாய 22 குறிகாட்டிகளால் குடும்பங்கள் தரம்பிரிக்கப்பட்டன. பணம் நேரே வங்கிக்குச் சென்றது. சமுர்த்திப் பட்டியலில் கட்சிக்காரரின் கை விளையாடியதை நாம் மறக்கவில்லை. அந்நாள் மீள்வதை விரும்பவுமில்லை. எனினும் அன்று பெயர் விடுபட்ட தாய்க்கு, வழிமறித்துக் கேட்க ஒரு மனிதனாவது இருந்தான். அந்த 22 ஐத் தெரிந்தெடுத்தோரை அவள் எங்கே தேடுவாள்? மேன்முறையீடுகள் இலட்சக்கணக்கிற் குவிந்தமை வியப்பன்று.

லோச்சிடம் நமக்கொரு குறையுமுண்டு. இரு பிள்ளைகளின் தாயான கேற்றி, பசி தாளாது உணவு வங்கியிலேயே தகரப்பேணியைத் திறந்து உண்ணும் காட்சி யதார்த்தத்தின் உச்சம். டானியலோ மாசற்றவன், குடியில்லை, சோம்பலில்லை, அயலாருக்கெல்லாம் உதவுவான். அவன் குடிகாரனாயிருந்தால் அவ்வுதவிப்பணம் அவனுக்கு உரித்தாகாதா? இவ்வினாவை லோச் எழுப்பியிருந்தால், நல்ல ஏழைக்கு மட்டும் இரங்கும் கனவான்கள் அரங்கில் அத்தனை எளிதாகக் கண்ணீர் விட்டிருக்கமாட்டார்கள்.