ஓடவிட்டால் கவனம் வருமா?

"பையன் ஒரு இடத்துல உட்கார மாட்டேங்கிறான்" என்று புலம்பும் அம்மாவுக்கு இன்று உறவிலும் தெருவிலும் கிடைக்கும் யோசனை ஒன்றுதான்: ஏதாவது விளையாட்டில் சேர்த்துவிடுங்கள், சரியாகிவிடும். சிலம்பம், கராத்தே, ஸ்கேட்டிங், நீச்சல் என்று வகுப்பு நடத்துகிறவர்களின் துண்டறிக்கைகளும் கவனத்தை ஒருமுகப்படுத்தும், ஞாபகசக்தியைக் கூட்டும் என்று உறுதி சொல்கின்றன. அதே பையனின் பள்ளியில் நடப்பது இதற்கு நேர்மாறு. வீட்டுப்பாடம் எழுதாதவன், வகுப்பில் பேசிக்கொண்டே இருந்தவன், நோட்டை மறந்து வந்தவன் என்று பி.டி. பீரியடில் மைதானத்துக்கு விடாமல் நிறுத்திவைக்கப்படுகிறவர்களில் அவன்தான் முதல் ஆள். உடற்பயிற்சியை மருந்தென்று புகழ்வதும், அதையே தண்டனையாகப் பிள்ளையிடமிருந்து பிடுங்குவதும் ஒரே ஊரில்தான் நடக்கின்றன. இரண்டுமே தவறு என்பது என் கருத்து. முதலாவது மிகை நம்பிக்கை. இரண்டாவது அதைவிடக் கொடியது.

ஏ.டி.எச்.டி. என்று மருத்துவர்கள் சொல்லும் கவனக்குறைவு - மிகைச்செயல்பாட்டுக் கோளாறு வெறும் சேட்டை அல்ல. உலக அளவில் நூறு பிள்ளைகளில் ஏறத்தாழ ஐந்து பேருக்கு இது இருப்பதாகக் கணக்கிடுகிறார்கள். கோயம்புத்தூரில் தொடக்கப்பள்ளிக் குழந்தைகளிடம் நடத்தப்பட்டு 2013-இல் வெளியான ஆய்வு, 11 சதவீதத்துக்கும் சற்று மேல் என்றது. அப்படியானால் நாற்பது பேர் உள்ள வகுப்பில் இரண்டு முதல் நான்கு பிள்ளைகள். என்ன செய்ய வேண்டும் என்று இவர்களுக்குத் தெரியும். அந்த நேரத்தில் தங்களைப் பிடித்து நிறுத்திக்கொள்ளத்தான் முடியாது. டீச்சர் கேள்வியை முடிக்கும் முன்பே பதில் வாயிலிருந்து வந்து விழுந்துவிடும். கணக்கைப் பாதி போட்டிருக்கும்போது ஜன்னலோரம் வந்து உட்கார்ந்த காக்கை மனத்தை இழுத்துக்கொண்டு போய்விடும்.

இவர்களை ஓடவிடச் சொல்வதற்கு நியாயமான காரணம் இருக்கிறது. இந்தக் கோளாறுக்குத் தரப்படும் மெத்தில்ஃபெனிடேட் என்ற மருந்து, மூளையில் டோபமின், நார்அட்ரினலின் ஆகிய இரண்டின் செயல்பாட்டைக் கூட்டுகிறது. மூச்சு வாங்க ஓடும்போதும் இதே இரண்டும் சிறிது நேரத்துக்குக் கூடுவதாகக் கருதப்படுகிறது. 2013-இல் அமெரிக்காவில் பான்டிஃபெக்ஸ் குழுவினர் 8 முதல் 10 வயது வரையிலான 40 குழந்தைகளை எடுத்துக்கொண்டார்கள், பாதிப்பேருக்கு ஏ.டி.எச்.டி. இருந்தது. ஒரு நாள் 20 நிமிடம் டிரெட்மில்லில் நடக்க வைத்தார்கள், இன்னொரு நாள் அதே 20 நிமிடம் உட்கார்ந்து படிக்க வைத்தார்கள். நடந்த நாளில் குழந்தைகள் அவசரத் தவறுகளைக் குறைவாகச் செய்தார்கள். வாசிப்பிலும் கணக்கிலும் மதிப்பெண் கூடியது.

இந்த ஆய்வைப் பற்றிப் பேசுகிறவர்கள் இரண்டு விஷயங்களைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். கோளாறு இல்லாத பிள்ளைகளுக்கும் அதே பலன் கிடைத்தது. ஆகவே இது ஏ.டி.எச்.டி.க்கென்று தனியாக வாய்த்த மருந்து அல்ல, வளரும் பிள்ளை எதற்கும் பொது. அடுத்தது, அளந்தது நடைக்குப் பின் வந்த கொஞ்ச நேரத்தை மட்டுமே. மாலை ஆறு மணிக்குக் கராத்தே வகுப்பு போய்வந்த பையன் மறுநாள் காலை முதல் பீரியடில் அமைதியாக உட்காருவான் என்று எதிர்பார்க்க இந்த ஆய்வில் ஆதாரம் கிடையாது.

உடற்பயிற்சியை முன்னிறுத்துகிறவர்கள் அடுத்துக் காட்டும் சான்று, சிகாகோவை ஒட்டிய நேப்பர்வில் பள்ளி. மனநல மருத்துவர் ஜான் ரேட்டி 2008-இல் வெளியிட்ட 'ஸ்பார்க்' நூலால் அது உலகப் புகழ் பெற்றது. முதல் பீரியடுக்கு முன்பே மாணவர்களை இதயத்துடிப்பு மானி கட்டி ஓடவிட்டார்கள். அந்த ஊர் எட்டாம் வகுப்பு மாணவர்கள் 1999-இல் நடந்த டிம்ஸ் என்ற பன்னாட்டுத் தேர்வில் அறிவியலில் முதலிடமும் கணக்கில் ஆறாமிடமும் பெற்றார்கள். படிக்க உற்சாகமாகத்தான் இருக்கிறது. ஆனால் நேப்பர்வில் படித்த, வசதியான குடும்பங்கள் வாழும் புறநகர். ஓடியதால் வந்த மதிப்பெண் எவ்வளவு, வீட்டுச் சூழலால் வந்தது எவ்வளவு என்று யாரும் பிரித்துக் காட்டவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க ஓடாத குழு ஒன்று அங்கே இல்லை. அந்தப் பள்ளியைப் பின்பற்ற ஆயிரம் காரணம் இருக்கலாம், ஆனால் அதை ஆதாரம் என்று சொல்லக் கூடாது.

முறையாக ஒப்பிட்ட ஆய்வுகள் இவ்வளவு பெரிதாகப் பேசுவதில்லை. 2015-இல் பெட்ஸி ஹோசா குழுவினர் சுமார் 200 சிறு குழந்தைகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதி 12 வாரங்கள் பள்ளி நாள்தோறும் 31 நிமிடம் ஓடியாடியது. மறு பாதி அதே நேரத்தில் வகுப்பறையில் உட்கார்ந்து கைவினை வேலை செய்தது. இரண்டு குழுக்களிலும் முன்னேற்றம் தெரிந்தது. வீட்டில் காட்டும் கவனத்திலும் மனநிலையிலும் ஓடிய குழு சற்றுக் கூடுதலாகத் தேறியதாகப் பெற்றோர் சொன்னார்கள். இதில் எனக்கு முக்கியமாகப் படுவது, உட்கார்ந்திருந்த குழந்தைகளும் தேறியது. தினமும் குறித்த நேரத்தில் ஒரு பெரியவர் பொறுமையாகத் தங்களுடன் இருந்ததே அவர்களுக்குப் பலன் தந்திருக்கலாம். பெற்றோரிடம் கேட்டு அளப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு: பிள்ளை ஓடுகிறது என்று அவர்களுக்குத் தெரியும். மாத்திரை ஆய்வில் வெறும் மாவு மாத்திரை கொடுத்து ஒப்பிடலாம். ஓட்டத்துக்கு அப்படியொரு போலி கிடையாது. 2023-இல் சிரியா குழுவினர் உடற்பயிற்சியும் மூளைத்திறனும் பற்றிய 24 தொகுப்பாய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். நல்ல முடிவு வந்த ஆய்வுகளே அதிகம் அச்சாகின்றன என்பதைக் கழித்துவிட்டுப் பார்த்தபோது பலன் மிகச் சிறியதாகச் சுருங்கியது. அவை ஆரோக்கியமானவர்களைப் பற்றிய ஆய்வுகள்தான், ஏ.டி.எச்.டி. பிள்ளைகளுக்கு அப்படியே பொருத்த முடியாது. ஆனாலும் துண்டறிக்கைகளின் உறுதிமொழியை நம்பாமலிருக்க இது போதும்.

இந்த விவாதத்தில் என்னை மிகவும் கவர்ந்தவர் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்து நரம்பியல் அறிஞர் அடெல் டயமண்ட். வெறுமனே ஓடுவதும் பளு தூக்குவதும் தன்னடக்கத்தையும் கவனத்தையும் வளர்ப்பதில் மிகப் பின்தங்கிய வழிகள் என்று அவர் கட்டுரையின் தலைப்பிலேயே எழுதினார். யோசிக்கவும் காத்திருக்கவும் திட்டம் மாற்றவும் வைக்கும் பயிற்சிதான் பலன் தருகிறது என்பது அவர் கட்சி. 2004-இல் லேக்ஸும் ஹாய்ட்டும் டேக்வாண்டோவைச் சாதாரண பி.டி. வகுப்புடன் ஒப்பிட்டபோது, தற்காப்புக் கலை கற்ற குழந்தைகளின் சுயக்கட்டுப்பாடு கூடுதலாக வளர்ந்திருந்தது. எல்லா ஆய்வாளர்களும் டயமண்டை ஏற்கவில்லை. 2014-இல் சார்ல்ஸ் ஹில்மன் 221 குழந்தைகளிடம் நடத்திய ஒன்பது மாத ஆய்வில் மூச்சு வாங்கும் விளையாட்டே பலன் தந்ததாகக் காட்டினார். ஆனால் அங்கே மறு குழுவுக்கு மாற்றாக எதுவும் தரப்படவில்லை; அவர்கள் தங்கள் முறை வரும்வரை காத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

நான் டயமண்டின் பக்கம் சாய்வதற்குக் காரணம் நம் மைதானங்களில் இருக்கிறது. கோ-கோ ஆட்டத்தைப் பக்கத்தில் நின்று பாருங்கள். நடுக்கோட்டில் எட்டுப் பேர் குந்தியிருப்பார்கள், ஒருவர் கிழக்கே பார்த்தால் அடுத்தவர் மேற்கே. ஒன்பதாமவர் துரத்துகிறார். ஓடுகிறவன் கைக்கெட்டும் தூரத்தில் வந்தாலும் குந்தியிருப்பவன் எழக் கூடாது. முதுகில் தட்டி 'கோ' என்ற குரல் வந்த பிறகுதான் பாயலாம். பாய்ந்த பின் நடுக்கோட்டைத் தாண்டக் கூடாது. எடுத்த திசையிலிருந்து கம்பத்தைத் தொடாமல் திரும்பக் கூடாது. உடம்பு முழுக்கத் துடிக்கும்போது அடக்கிக்கொள்ளச் சொல்கிறது ஆட்டம், ஒரு தடவை அல்ல, நிமிடத்துக்குப் பலமுறை. வகுப்பில் கையைக் கட்டி உட்காரச் சொல்வதும் அடக்கம்தான். ஆனால் மைதானத்தில் அந்த அடக்கத்துக்குக் கூலி உடனே கிடைக்கிறது. ஏ.டி.எச்.டி. பிள்ளைக்கு உடனே கிடைக்கும் கூலிதான் வேலை செய்யும். கபடியிலும் சிலம்பச் சுவடுகளிலும் இதே தன்மை உண்டு.

ஆனால் இங்கேயே பெரிய பள்ளம் ஒன்றும் இருக்கிறது. இந்தப் பிள்ளைகளில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதிப்பேர் வரை கை கால் ஒருங்கிணைப்பிலும் தடுமாறுகிறவர்கள். பந்து கைக்கு வந்தால் நழுவும். அணி பிரிக்கும்போது கடைசியாக நிற்பார்கள். அவர்களைப் போட்டி விளையாட்டில் தள்ளிவிட்டு 'ஆடினால் சரியாகும்' என்பது, கேலிக்கு இன்னோர் இடத்தை ஏற்படுத்திக் கொடுப்பதுதான். இவர்களுக்கு நீச்சல், சைக்கிள், சிலம்பம் போன்று தன்னோடு தானே போட்டியிடும் பயிற்சிகள் பொருந்தும். பயிற்சியாளரும் பிள்ளையைத் தெரிந்தவராக இருக்க வேண்டும்.

மிகை நம்பிக்கையின் விலையைத் தருகிறவர்கள், மருத்துவ உதவி தேவைப்பட்டும் கிடைக்காத பிள்ளைகள். 1999-இல் வெளியான எம்.டி.ஏ. ஆய்வு 579 குழந்தைகளை 14 மாதங்கள் தொடர்ந்து கவனித்தது. கோளாறின் முக்கிய அறிகுறிகளைக் குறைப்பதில் முறையாகக் கண்காணித்த மருந்துச் சிகிச்சை, நடத்தைப் பயிற்சி மட்டும் தந்ததைவிடத் தெளிவாக மேலாக இருந்தது. உடற்பயிற்சிக்கு அந்த அளவு உறுதியான சான்று இல்லை. பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2018 வழிகாட்டியில் உடற்பயிற்சியைச் சமச்சீர் உணவோடு சேர்த்து நல்ல பழக்கமாகவே வலியுறுத்துகிறது, சிகிச்சைக்கு மாற்றாகச் சொல்லவில்லை. நம் வீடுகளில் மனநல மருத்துவரிடம் போவதற்கான தயக்கம் பெரிது. 'இங்கிலீஷ் மருந்து மூளையை மழுக்கிவிடும்' என்ற பயமும் உண்டு. அந்தத் தயக்கத்துக்கு ஸ்கேட்டிங் வகுப்பு வசதியான சாக்காகிவிடுகிறது. இரண்டு மூன்று ஆண்டுகள் இப்படிப் போய், பிள்ளை எட்டாம் வகுப்பில் 'முட்டாள்' என்ற பெயரோடு நிற்கும்போதுதான் மருத்துவர் நினைவுக்கு வருகிறார்.

பதின்பருவத்தைப் பற்றிய ஆய்வுகள் குறைவு, பெண் பிள்ளைகளைப் பற்றியவை அதைவிடக் குறைவு. துறுதுறுப்பு இல்லாமல், ஓசையின்றிக் கனவில் மூழ்கும் பெண்ணை யாரும் மருத்துவரிடம் அழைத்துப்போவதில்லை, மைதானத்துக்கும் அனுப்புவதில்லை. உலக சுகாதார நிறுவனம் 5 முதல் 17 வயது வரை தினமும் சராசரி 60 நிமிடம் மூச்சு வாங்கும் அசைவு வேண்டும் என்கிறது. 2016-ஆம் ஆண்டுக் கணக்கில் உலகில் 11 முதல் 17 வயதுப் பெண்களில் 85 சதவீதம் பேருக்கு அது கிடைக்கவில்லை. பையன்களில் 78 சதவீதம். இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்கிறது 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. ரத்தசோகையே கவனத்தைக் கெடுக்கும். அதைப் பார்க்காமல் ஓடச் சொல்வது சரியல்ல. விடிகாலைப் பயிற்சிக்காகத் தூக்கத்தைத் திருடுவதும் அப்படித்தான். டியூஷன் முடித்துப் பதினோரு மணிக்குப் படுத்து ஐந்து மணிக்கு நீச்சல்குளத்தில் நிற்கும் பதினைந்து வயதுப் பிள்ளையின் கவனம் தூக்கமின்மையாலேயே சிதறும்.

இத்தனை குறை சொன்ன பிறகும், பள்ளியில் விளையாட்டைப் பறிப்பதை நான் ஏற்கவே மாட்டேன். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் ஒவ்வொரு பள்ளிக்கும் விளையாட்டு மைதானம் வேண்டும் என்கிறது. மைதானம் இருந்தும் பீரியட் இல்லாமல் போகிறது. பி.டி. பீரியடைக் கணக்கும் அறிவியலும் கடன் வாங்கக் கூடாது என்று விளையாட்டுத் துறை அமைச்சராக இருந்தபோது உதயநிதி ஸ்டாலினே கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. டென்த் வந்துவிட்டால் பல பள்ளிகளில் அந்தப் பீரியட் கால அட்டவணையில் மட்டும்தான் உயிரோடு இருக்கிறது. இடைவேளை விளையாட்டைத் தண்டனைக்காகவோ படிப்புக்காகவோ பறிக்கக் கூடாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2013-இலேயே அறிக்கை விட்டது. இங்கே பறிப்பதோடு நிற்காமல் உடற்பயிற்சியையே தண்டனையாக்குகிறோம்: கிரவுண்டைச் சுற்றி பத்து ரவுண்டு, ஐம்பது தோப்புக்கரணம். அதே தோப்புக்கரணம் மூளையை வளர்க்கும் என்று இன்னொரு பக்கம் பரப்பப்படுகிறது. உடல்ரீதியான தண்டனையைக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு தடை செய்திருக்கிறது. ஓட்டம் என்றாலே அவமானம் என்று பத்து வயதில் கற்றுக்கொண்ட பிள்ளை, பதினாறு வயதில் தன் விருப்பத்துக்கு ஓடப் போவதில்லை.

பலன் சிறியது, கொஞ்ச நேரமே நிற்பது என்பதை ஒப்புக்கொண்டால்தான் அதைச் சரியான இடத்தில் வைக்க முடியும். கொஞ்ச நேரமே நிற்கும் என்றால், கவனம் அதிகம் தேவைப்படும் பாடத்துக்குச் சற்று முன்னால் அது வர வேண்டும். கடைசி பீரியடில் தள்ளப்பட்டிருக்கும் பி.டி.யை முற்பகலில் கணக்குக்கு முன் வைக்கத் தலைமையாசிரியருக்குப் பணம் தேவையில்லை, அட்டவணையைத் திருத்தினால் போதும். வாரத்தில் இரண்டே பீரியட் என்றால், மற்ற நாட்களில் கணக்கு டீச்சரே பிள்ளைகளை எழுப்பிப் பத்து நிமிடம் மைதானத்தில் வேகமாக நடத்திவிட்டு வரலாம். எல்லாப் பிள்ளைகளும் போக வேண்டும். நோட்டை மறந்து வந்தவனும் அவர்களோடு போக வேண்டும்.